பழைய பேரேட்டைப் புரட்டினால் என்ன?

"வரிப்பணத்தில் சரித்திர ஆராய்ச்சியா? அதனால் அடுப்பெரியுமா?" என்று கேட்கிறார்கள் சிலர். லண்டன் பல்கலைக் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள் தோழர்களே!

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. நஷ்டஈடு 2 கோடி பவுன்! யாருக்கு? சாட்டையடி பட்டவனுக்கா? இல்லை, சாட்டை பிடித்தவனுக்கு! அடிமைக்குச் சல்லிக்காசும் இல்லை. 1838 வரை பழைய எஜமானனிடமே பெரும்பாலும் கூலியின்றி உழைக்க வேண்டும். அதுதான் அவன் கண்ட 'விடுதலை'.

அந்தப் பட்டுவாடாக் கணக்கைத்தான் அரசாங்க மானியம் பெற்ற ஆய்வாளர்கள் வரிவரியாகப் படித்து, 2013-ல் பெயர்ப் பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிட்டார்கள். பிரபுக்கள் மட்டுமா? பாதிரிமாரும் விதவைகளும்கூட உண்டு. பிற்காலத்தில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார் ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது 1 லட்சம் பவுனுக்கும் மேல். அதே கனவான்தான் 1838-ல் கல்கத்தாவிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றி, டெமராராவிலிருந்த தன் கரும்புத் தோட்டங்களுக்கு வரவழைத்தவர். நம் நாட்டு ஏழையின் முதுகும் அந்தக் கணக்கில் சேர்ந்தது!

நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015-ல்தான் தீர்ந்தது. அதுவரை வரியாகக் கட்டியது யார்? பிரிட்டிஷ் தொழிலாளி. கரிபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த அடிமையின் வாரிசும்தான்! கட்டியவன் கணக்குக் கேட்டால் மட்டும் வீண் செலவாம்.