கிணற்றுக்கு எட்டாத தீர்ப்பு

மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பது இந்தியாவில் இன்று சட்டம். அதை நிலைநாட்டியதில் ராஜஸ்தானின் ஒரு சிறு கிராமத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தீர்ப்பு வேறு, வசூல் வேறு என்பதைக் காட்டியதும் அதே கிராமம்தான்.

உதய்பூர் மாவட்டத்தில் உள்ள பிச்ரி, 1988க்கு முன்பு வெளியுலகம் அவ்வளவாகக் கேள்விப்படாத ஊர். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஊரை ஒட்டிய தொழில் வளாகத்தில் சில்வர் கெமிக்கல்ஸ் என்ற ஆலை, ஹெச்-ஆசிட் என்ற ரசாயனத்தைத் தயாரிக்க ஆரம்பித்தது. சாயத் தொழிலுக்குத் தேவைப்படும் பொருள். சரக்கு முழுவதும் ஏற்றுமதிக்கு. மேலை நாடுகள் தங்கள் மண்ணில் இதைத் தயாரிக்கத் தடை விதித்துவிட்டன, ஆனால் அங்கே இதன் தேவை மட்டும் தீரவில்லை என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

இந்த வளாகத்தில் தயாரான ஹெச்-ஆசிட் சுமார் 375 டன். அதனால் சேர்ந்த நச்சுக் கசடு ஏறத்தாழ 2,400 டன். அதாவது ஒரு டன் சரக்குக்கு ஆறு டன்னுக்கும் மேல் கசடு. வளாகத்துக்கு உள்ளும் புறமும் திறந்தவெளியில் கொட்டப்பட்ட கசடு, மழையில் கரைந்து நிலத்துக்குள் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் கறுத்தது. மனிதர்கள் குடிக்க முடியவில்லை, மாடுகளுக்குக் காட்ட முடியவில்லை, பயிருக்குப் பாய்ச்சவும் முடியவில்லை. மக்கள் கொதித்தெழுந்தார்கள். மாவட்ட நிர்வாகம் 144 தடை உத்தரவு போட்டது. 1989 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது.

சில்வர் கெமிக்கல்ஸ் ஓடியது ஓராண்டுக்கும் குறைவு. அது விட்டுச்சென்ற வழக்கு ஓடியதோ 20 ஆண்டுகளுக்கும் மேல்.

போபாலுக்கு முன், போபாலுக்குப் பின்

1989ல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று பிச்ரிக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியபோது சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1972ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்கு இந்திரா காந்தி போய்வந்த பிறகு 1974ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1976ல் 42வது திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் கொள்கையாகவும் குடிமக்களின் கடமையாகவும் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. 1981ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். மாநிலத்துக்கு ஒரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

இத்தனை இருந்தும் 1984 டிசம்பர் 2ம் தேதி இரவில் தொடங்கி போபாலில் கசிந்த விஷவாயுவை எதுவும் தடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மத்திய அரசுக்கு விரிவான அதிகாரம் தரும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ல் பிறந்தது அதற்குப் பிறகுதான். 1989ல் யூனியன் கார்பைடு 47 கோடி டாலரோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

அதற்குள் நீதிமன்றம் வேறொரு வழியில் முந்திக்கொண்டது. 1985 டிசம்பர் 4ம் தேதி டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா அந்த ஆலைக்கு எதிராகத் தொடுத்திருந்த வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. கசிவில் இறந்ததாகச் சொல்லப்பட்டவர் ஒரு வழக்கறிஞர்.

அதுவரை நம் நீதிமன்றங்கள் பின்பற்றிவந்தது 1868ல் இங்கிலாந்தில் உறுதியான ஒரு விதி. ஆபத்தான பொருளை வைத்திருப்பவர், அது தப்பி வெளியேறினால் பொறுப்பு. ஆனால் விதிவிலக்குகள் நிறைய. இயற்கையின் சீற்றம், மூன்றாம் நபரின் சதி என்று ஆலை முதலாளி நழுவிக்கொள்ளலாம். 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு இந்தச் சந்துகளையெல்லாம் அடைத்தது. அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் பார்ப்பவர், அதனால் வரும் கேட்டுக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ, இழப்பீடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். முழுப் பொறுப்புக் கோட்பாடு என்று சட்ட மாணவர்கள் இன்று படிப்பது இதைத்தான்.

பிச்ரி போட்ட முடிச்சு

இந்தக் கோட்பாட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஓலியம் வழக்கில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது போகிறபோக்கில் சொன்ன கருத்து, எனவே யாரையும் கட்டுப்படுத்தாது என்ற வாதம் கிளம்பியது. 1996 பிப்ரவரி 13ம் தேதி பிச்ரி வழக்கில் நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் கிர்பாலும் அந்த வாதத்தை நிராகரித்தார்கள். அது கட்டுப்படுத்தும் சட்டமே என்றார்கள். மேலும் ஓர் அடி எடுத்துவைத்து, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் ஆலையின் தலையில்தான் என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆலைகள் நடந்துகொண்ட விதமும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வாரியத்தின் அனுமதி இல்லாமலேயே ஹெச்-ஆசிட் தயாரிப்பு நடந்திருக்கிறது. கசடைப் பத்திரமாகக் குழிகளில் சேமிக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் ஒரு பகுதி மட்டுமே சேமிக்கப்பட்டது. மீதி நிலத்தில் பரப்பப்பட்டு மண் போட்டு மூடப்பட்டது. 350 ஹெக்டேர் நிலமும், வளாகத்துக்கு வெளியே ஆறு குப்பைக் கிடங்குகளும் நச்சேறியிருப்பதாக நாகபுரியைச் சேர்ந்த நீரி ஆய்வு நிறுவனம் அறிக்கை கொடுத்தது.

ஆலைகளின் இயந்திரங்களும் அசையாச் சொத்துகளும் முடக்கப்பட்டன. சீரமைப்புக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடும் பொறுப்பு மத்திய அரசிடம் தரப்பட்டது. மத்திய அரசின் கணக்கு: ரூ. 37.385 கோடி. கிராமத்தினரின் சொந்த நஷ்டத்துக்கு அவர்கள் சிவில் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. கிணறு கறுத்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகு, விவசாயிக்கு இன்னொரு நீதிமன்றத்தின் படிக்கட்டு.

தாமதமே லாபம்

அதன் பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் உண்மையான பாடம். சீராய்வு மனு, மறுசீராய்வு மனு, இடைக்கால மனுக்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கலாயின. பணம் வரவில்லை. இறுதித் தீர்ப்பு வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்கு வேண்டுமென்றே உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறது என்று 2011 ஜூலை 18ம் தேதி நீதிபதிகள் தல்வீர் பண்டாரியும் எச்.எல். தத்துவும் கடிந்துகொண்டார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பவர், அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டு அத்தனை ஆண்டுகளும் சம்பாதிக்கிறார். எனவே தாமதம் அவருக்கு லாபம். அந்த லாபத்தைப் பிடுங்கினால்தான் இழுத்தடிப்பு நிற்கும். ரூ. 37.385 கோடியை 1997 நவம்பரிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்ட வேண்டும், வழக்குச் செலவாக ரூ. 10 லட்சமும் தர வேண்டும் என்று உத்தரவானது. கணக்குப் போட்டால் தீர்ப்பு நாளிலேயே தொகை ரூ. 170 கோடியைத் தாண்டுகிறது.

வழக்கை இழுப்பதற்கும் விலை உண்டு என்ற இந்த எச்சரிக்கை, முழுப் பொறுப்புக் கோட்பாட்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. ஆனால் அதைச் சொல்ல 15 ஆண்டுகள் ஆயின.

பிச்ரி மட்டும் விதிவிலக்கல்ல. அதே 1996ல், ஆகஸ்ட் 28ம் தேதி, பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கினார். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் 'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்' என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டத்தின் அங்கம் என்றது அது. 2025 ஜனவரியில், அதாவது 28 ஆண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும் அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்கவும் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தனி மன்றம் வந்த பிறகு

சுற்றுச்சூழலுக்கென்று தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று ஓலியம் தீர்ப்பும் கேட்டது, பிச்ரி தீர்ப்பும் கேட்டது. 1995ல் நாடாளுமன்றம் அதற்கு ஒரு சட்டம் இயற்றியது, ஆனால் அது நடைமுறைக்கே வரவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது 2010ல். டெல்லியில் முதன்மை அமர்வு. போபால், புனே, கொல்கத்தா, சென்னை நகரங்களில் மண்டல அமர்வுகள். நீதிபதிகளோடு அறிவியல் தெரிந்த நிபுணர்களும் உட்காருகிறார்கள்.

சாதாரண மக்களுக்கு இது பெரிய வசதி. ஆலையின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, பாதிப்பைக் காட்டினால் போதும். மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கெடுவும் உண்டு. இழப்பீடும் சீரமைப்பும் கேட்க ஐந்து ஆண்டுகள். மற்ற வழக்குகளுக்கு ஆறு மாதம். நிலத்தடி நீர் கெட்டது தெரிய வரவே ஆண்டுகள் ஆகும் இடங்களில் இது சிறிய அவகாசம். நீதித்துறை உறுப்பினர்கள் பத்துப் பேர், நிபுணர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நாற்காலிகள் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்திருக்கின்றன.

இதற்கிடையே சட்டத்தின் பல்லையும் அரசு மாற்றியமைத்தது. 1986 சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டுகள்வரை சிறை என்றிருந்த பிரிவை, 2023ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் ரூ. 10,000 முதல் ரூ. 15 லட்சம் வரையிலான அபராதமாக்கியது. யாரும் சிறைக்குப் போகாத பழைய சட்டத்தைவிடக் கையோடு வசூலாகும் அபராதம் மேல் என்பது ஆதரவாளர்கள் வாதம். பெரிய ஆலைக்கு ரூ. 15 லட்சம் என்பது இன்னொரு செலவுக் கணக்கு மட்டுமே என்பது எதிர்ப்பாளர்கள் வாதம்.

நீதிமன்றமும் ஒரே குரலில் பேசுவதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் கட்டிவிட்டு, பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது.

உரிமைகளின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. மாசற்ற தண்ணீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது 1991ல் ஒரு தீர்ப்பு. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும் உரிமையே என்றது 2024ல் இன்னொன்று. இவை வீண் வார்த்தைகள் அல்ல. 1989ல் பிச்ரிக்காரர்கள் கையில் இல்லாத ஆயுதங்கள் இன்று எந்தக் கிராமத்துக்கும் உண்டு.

ஆனால் அடுத்த பிச்ரியில் மக்கள் கேட்கப்போவது புதிய உரிமையை அல்ல. கசடை எப்போது அள்ளுவார்கள், அந்தச் செலவை யார் கட்டுவார்கள் என்ற இரண்டே கேள்விகளைத்தான். இரண்டாவது கேள்விக்குச் சட்டம் 1996லேயே பதில் சொல்லிவிட்டது. முதல் கேள்விக்குத் தேதி குறிப்பவர்தான் இன்னும் இல்லை.