சாப்பிடாத பிள்ளையைச் சுற்றி எத்தனை பேர் இருக்கவேண்டும்?

அக்காவின் மகள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில் அவள் வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடிக்கத் தொடங்கினாள். பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. அதன்பின் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் ஒருநேரச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை விரதம் பிடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அம்மம்மாவுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கந்தசஷ்டி முடிந்து, பாறணையும் முடிந்த பிறகு அவள் சோற்றுக்குத் திரும்பவில்லை என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டு, "நல்லா மெலிஞ்சிட்டாய், இப்பதான் வடிவா இருக்கிறாய்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவளுடைய சம்மதத்துடனும் அக்காவின் சம்மதத்துடனும், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.

பாடசாலையில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்த பிறகுதான் வைத்தியசாலைப் பயணங்கள் தொடங்கின. வயிறு எரிகிறது என்று அவள் சொன்னதால் முதலில் 'காஸ்ட்ரிக்' என்றார்கள். எண்ணெய், பொரியல், உறைப்பு எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்லி ஒரு தாள் கொடுக்கப்பட்டது. அது சாப்பிடாமலிருக்க வைத்தியரே எழுதிக்கொடுத்த அனுமதிக் கடிதமாக அவளுக்குப் பயன்பட்டது. மாதவிடாய் நின்றபோது பெண்நோயியல் நிபுணரிடம் போனார்கள். ஹோர்மோன் பரிசோதனை நடந்தது. தலைமயிர் உதிர்ந்தபோது தைரொயிட் பரிசோதனை. பெறுபேறுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. "பரீட்சைப் பயம், சத்துமா கரைச்சுக் குடுங்கோ" என்றார் இன்னொருவர். யாரும் அலட்சியமாக நடந்துகொண்டதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தமது துண்டைச் சரியாகவே பார்த்தார்கள். துண்டுகளைப் பொருத்திப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

அவளுக்கு இருந்தது அனொரெக்சியா நெர்வோசா. 1873இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ள்ஸ் லாசேக் ஆகிய இரு மருத்துவர்களும் தனித்தனியே விவரித்த நோய் இது. அனொரெக்சியா என்ற சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள், ஆனால் அது பொருத்தமான பெயரல்ல. இந்த நோயாளிகளில் பலருக்குப் பசி இருக்கிறது. அதை அடக்கி வெல்வதிலேயே அவர்களின் நாள் கழிகிறது. உளநோய்களுள் மரண வீதம் மிக உயர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. மரணங்களில் ஒரு பகுதி தற்கொலை. மற்றொரு பகுதி இதயமும் உடலும் தாங்காமல் போவதால் நிகழ்பவை.

இது மேற்கத்தேயப் பணக்காரப் பிள்ளைகளின் நோய், எங்கள் பிள்ளைகள் 'மொடல்' ஆகப் பார்ப்பவர்களா என்று கேட்கிறார்கள். இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். பிஜித் தீவின் நட்றோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடலைச் செழிப்பாகக் கருதிய சமூகம் அது. எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக அந்த வருடம் அங்கே ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 வீதமான மாணவிகள் அப்படிச் சொன்னதை மானிடவியலாளரும் உளமருத்துவருமான ஆன் பெக்கர் பதிவுசெய்தார். ஹொங்கொங்கில் உளமருத்துவர் சிங் லீ 1990களில் கண்டது வேறொன்று. அவர் ஆராய்ந்த 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பருத்துவிடுவோம் என்ற பயமே இருக்கவில்லை. வயிறு அடைக்கிறது, பசிக்கவில்லை என்பவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். எங்கள் பிள்ளையும் "வயித்துக்குள்ள அடைக்குது" என்றுதான் சொன்னாள். "கொழுப்பாயிருக்கிறேன் என்று நினைக்கிறாயா?" என்ற பாடப்புத்தகக் கேள்வியோடு மட்டும் வரும் வைத்தியர், அவளை விட்டுவிட்டுப் போயிருப்பார்.

பிடிவாதம் என்று திட்டுபவர்களுக்கு மினசோட்டாப் பரிசோதனையைச் சொல்லவேண்டும். 1944-45 காலத்தில், யுத்தத்தில் ஆயுதம் தூக்க மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளரின் கண்காணிப்பில் ஆறு மாதங்கள் அரைவயிற்றுடன் இருக்க முன்வந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தபோது அவர்களின் மனமும் மாறிப்போனது. சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் வாசித்தார்கள். ஒரு கோப்பை உணவை மிக மெதுவாக, சடங்குபோல் உண்டார்கள். எரிச்சல், மனச்சோர்வு, நண்பர்களிடமிருந்து ஒதுங்கல் எல்லாம் வந்தன. அவர்களில் யாரும் மெலிய ஆசைப்பட்டவர்களல்லர். பட்டினியே மூளையை அப்படி ஆக்குகிறது. ஆகவே, பட்டினியிலிருக்கும் ஒரு பிள்ளையிடம் உளவளத்துணை மட்டும் பேசிப் பயனில்லை. முதலில் மூளைக்குச் சாப்பாடு போகவேண்டும்.

அதையும் வீட்டில் கண்டபடி செய்யமுடியாது. நீண்டநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் உயர்ந்து, இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று கலங்களுக்குள் இழுக்கப்பட, இதயத்துடிப்பே குழம்பலாம். இரண்டாம் உலகப்போர் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் சிலர் உணவு கிடைத்த பின்னர் இறந்தது இதனால்தான். எனவே, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று தீர்மானிக்கப் போசணை நிபுணரும், இரத்தத்தையும் இதயத்தையும் கவனிக்க மருத்துவரும் ஒரே மேசையில் இருக்கவேண்டும். விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50இற்குக் கீழே போனால் விடுதியில் அனுமதிக்க யோசிக்கவேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. எங்கள் பிள்ளையின் துடிப்பு 44. "விளையாட்டு வீராங்கனைபோல இருக்குது" என்று ஒரு இடத்தில் பகிடியாகச் சொன்னார்களாம்.

இன்னுமொன்று. ஆபத்து மெலிந்த தோற்றத்தில் மட்டும் இல்லை. 70 கிலோ இருந்த பிள்ளை சில மாதங்களில் 52இற்கு வந்தால், பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் உடல் அதே நெருக்கடியில் இருக்கக்கூடும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எடுக்கும் நிறையை, அந்தப் பிள்ளையின் முந்தைய நிறையோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். ஜிம்முக்குப் போய் 'புரோட்டின் மா' மட்டும் குடிக்கும் ஆண்பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கட்டிளமைப் பருவத்தினருக்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையின் வேர் லண்டன் மௌட்ஸ்லி வைத்தியசாலையில் இருக்கிறது. 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று வருடங்களைத் தாண்டாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை நல்ல பலன் தந்ததை 1987இல் அங்குள்ளவர்கள் வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளிமையானது. நோய் வேறு, பிள்ளை வேறு. பெற்றோர் குற்றவாளிகளல்லர், மருந்தே அவர்கள்தான். முதற்கட்டத்தில் என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்ற தீர்மானத்தைப் பெற்றோர் முழுதாக எடுத்துக்கொள்கிறார்கள். எடை மீண்டபின் அது சிறிதுசிறிதாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. கடைசியாகத்தான் வயதுக்குரிய மற்றப் பிரச்சினைகள் பேசப்படுகின்றன.

பெற்றோரே மருந்து என்றால், தகப்பன் கட்டாரில் இருக்கும் வீட்டில் மருந்து எங்கே? இங்குதான் சமூகப்பணியாளர் வருகிறார்.

விடுதியில் இரண்டு வாரம் இருந்து வீடு திரும்பியபின், உளமருத்துவப் பிரிவின் சமூகப்பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. குசினியில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவும்வரை கதைத்தார். யார் எப்போது சமைப்பது, யார் யாரோடு சாப்பிடுவது என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். அந்தத் தாளில் நாங்கள் யாரும் பார்க்காத ஒன்று தெரிந்தது. காலைச் சாப்பாடு பாடசாலை வானுக்குள். மதியப் பார்சல் ரியூசனுக்கும் பாடசாலைக்கும் இடையில். இரவுச் சாப்பாடு அறைக்குள், புத்தகத்தோடு. மாதக்கணக்காக அந்தப் பிள்ளை ஒருவேளை உணவைக்கூட இன்னொருவரின் கண்முன் சாப்பிட்டிருக்கவில்லை. எந்த இரத்தப் பரிசோதனையும் இதைச் சொல்லியிராது.

பிறகு அவர் செய்தவை சின்னச்சின்ன வேலைகள். இரண்டு ரியூசன் வகுப்புகளை நிறுத்தச் சொல்லி அக்காவை இணங்கவைத்தார். அதுதான் மிகக் கடினமாக இருந்தது என்று பின்னர் சிரித்தார். வகுப்பாசிரியருடன் பேசி, இடைவேளையில் அவள் ஆசிரியர் அறையில் இருந்து சாப்பிட ஒழுங்குசெய்தார். உடற்பயிற்சிப் பாடத்திலிருந்து விலக்குக் கடிதம் வாங்கினார். விலை கூடிய போசணைப் பால்மாவை அக்காவால் மாதாமாதம் வாங்கமுடியாது என்று போசணை நிபுணரிடம் சொல்லி, முட்டை, கச்சான், தேங்காய்ப்பால், நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி என்று அட்டவணையை மாற்றுவித்தார். இரவுச் சாப்பாட்டுக்குத் தகப்பன் வாட்ஸ்அப் காணொளியில் வந்து, அங்கே தன்னுடைய கோப்பையோடு இருப்பதென்பது அவருடைய யோசனைதான். பிள்ளையைத் தனியே சந்தித்து, யாரும் துன்புறுத்துகிறார்களா என்று கேட்டதும் அவர்தான். சிலசமயம் உணவு மறுப்புக்குப் பின்னால் அதுவும் இருக்கும். அப்படியானால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள்வரை போகவேண்டியிருக்கும் என்றார்.

சமூகப்பணியாளர் என்றால் நிவாரணம் கொடுப்பவர் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். வைத்தியர், போசணை நிபுணர், உளவளத்துணையாளர், பாடசாலை என்று நாலு இடத்தில் கிடந்த தகவலை ஒரு தாளில் எழுதி, நாலு பேருக்கும் கொண்டுபோனவர் அவர். இலவச மருத்துவம் இருக்கும் இந்த நாட்டில் இந்த வேலைக்கான பதவியும் இருக்கிறது. தேவைக்கேற்ற ஆட்கள்தான் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பேசுவதற்கு ஒருவர் இருப்பார். ஆனால், அழைப்பு முடிந்தபின் குசினிக்கு வர ஒருவர் வேண்டும்.

அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். கடந்த மாதம் போயிருந்தபோது புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். மெதுவாகத்தான் சாப்பிட்டாள், ஆனால் முடித்தாள். அவளது தோற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சமூகப்பணியாளர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், அவரது இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை என்று அக்கா சொன்னார். அவர் எழுதிய தாள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.