ஆமை கற்றுத்தரும் கணக்கு



பால்மரம் சீவும் தொழிலை நம்மில் எவரும் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டதில்லை. கத்தியைக் கையில் பிடித்தோம். வெட்டு ஆழமானால் மரம் காயப்பட்டது. மேலோட்டமானால் பால் வடியவில்லை. பிழை செய்தும் திருத்தியுமே கை பழகியது. நம் பிள்ளைகளின் கல்வியும் இவ்வாறு அமைய முடியுமா என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

குடத்தில் நீர் ஊற்றுவது போல அறிவையும் பிள்ளையின் தலையில் ஊற்றிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே இதை ஏற்கவில்லை. பிள்ளை தானே பார்த்து, தொட்டு, செய்து தன் அறிவைக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அவரோடு பணியாற்றிய சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர், பின்னர் அமெரிக்காவில் தம் தோழர்களுடன் சேர்ந்து 1967ஆம் ஆண்டில் ‘லோகோ’ என்னும் கணினி மொழியைப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார்.

அதில் ஓர் ஆமை உண்டு. முதலில் அது பேனாவோடு தரையில் ஊரும் இயந்திரமாக இருந்தது. பிறகு கணினித் திரையிலும் ஊர்ந்தது. ‘100 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்று நான்கு முறை கட்டளையிட்டால், அது ஒரு சதுரத்தை வரைந்துவிடும்.

இனி முக்கோணம் வரைய வேண்டும். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று பிள்ளை படித்திருக்கிறது. ஆகவே, ‘60 பாகை திரும்பு’ என்று மூன்று முறை கட்டளையிடுகிறது. முக்கோணம் வரவில்லை, அறுகோணத்தின் பாதிதான் வருகிறது! ஏன்? ஆமை நேராகப் போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து திரும்புகிறது. எனவே, 180 பாகையிலிருந்து 60 பாகையைக் கழித்து, 120 பாகை திரும்ப வேண்டும். இதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், அது என்றும் மறவாது.

பெற்றோர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கணக்கு நோட்டில் சிவப்பு மைக் கோட்டைக் கண்ட பிள்ளை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவோடு படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! ஆமையோ ஏசுவதில்லை, சொன்னதைச் செய்து காட்டுகிறது, அவ்வளவுதான். பிழை அவமானமாகத் தோன்றாமல், அடுத்த முயற்சிக்குப் படியாகிறது.

நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் 2017ஆம் ஆண்டில் கணினிச் சிந்தனையும் இடம்பெற்றது. ஆனால், கணினி இருந்தால் மட்டும் போதாது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதா, அல்லது அதற்குக் கட்டளையிட்டு எதையேனும் உருவாக்குகிறதா என்று கேட்டறியுங்கள். உருவாக்குகிறது என்றால், ‘விளையாடுகிறாயா?’ என்று அதட்டாதீர்கள்.

‘எங்கள் வீட்டில் கணினி இல்லையே’ என்கிறீர்களா? வாசல் இருக்கிறதே! அண்ணன் ஆமையாகட்டும், தங்கை கட்டளையிடட்டும். அவள் சொன்னபடி மட்டுமே அவன் நடக்க வேண்டும். தன் பாதையைக் குறுக்கிடாமல், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, முதலில் பார்த்த திசையையே மீண்டும் பார்த்து நின்றால், அவன் முழுச் சுற்று, அதாவது 360 பாகை, திரும்பியிருப்பான். சதுரத்துக்கு நான்கு 90, முக்கோணத்துக்கு மூன்று 120, இரண்டும் 360தான்.

அப்படியானால், ஐந்து பக்கங்களும் சமமான உருவத்துக்கு ஒவ்வொரு முனையிலும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? விடையை நாம் சொல்லப் போவதில்லை. இன்று மாலை உங்கள் பிள்ளைகள் வாசலில் நடந்து பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். தவறாகச் சொன்னால், ‘இன்னொரு முறை நடந்து பார்’ என்று மட்டும் சொல்லுங்கள்.