செயற்கைக் காலும் சப்பாத்தின் குதி உயரமும்

மிதிவெடியிலோ எறிகணை வீச்சிலோ காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவர்கள், புதுச் சப்பாத்து போட்டதும் தடுமாறுவதுண்டு. கால் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். குதியின் உயரம் மாறியதும் காரணமாக இருக்கலாம்.

கண், உட்காது, தசை மூட்டுகளின் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே உடலை விழாமல் வைத்திருக்கின்றன. குதி உயர்ந்தால் உடற்பாரம் முன்பாதத்துக்குப் போகும். ஸ்கேட்டிங் பழகியவர்களுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி கைகொடுக்கும். ஆனாலும் ஸ்கேட்டிங் சப்பாத்து கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும்; குதி உயர்ந்த செருப்பு பிடிக்காது. அவர்களும் புதிதாகப் பழகத்தான் வேண்டும்.

இயற்கைக் கால் கணுக்காலை வளைத்துச் சமாளிக்கும். சாதாரண செயற்கைப் பாதத்தால் அது முடியாது. அது ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கே பொருத்தப்படுகிறது. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் அதைவிட உயர்ந்த குதி போட்டால் முழங்கால் முன்னே மடியப் பார்க்கும். குதி குறைந்தால் முழங்கால் பின்னே தள்ளப்படும். மேட்டில் ஏறுவது போல இருக்கும்.

1968 இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் கால், வெறுங்காலுடனும் நடப்பதற்கென்றே செய்யப்பட்டது.

ஆகவே கால் பொருத்தப் போகும்போது வழமையாகப் போடும் சப்பாத்தைக் கொண்டு செல்லுங்கள். புதியது வாங்கும்போது குதிப் பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து பாருங்கள். வேறுபாடு மாறினால், கால் பொருத்துபவரிடம் காட்டிச் சரிசெய்த பின்னரே நடவுங்கள்.