இனமும் இனிப்பு நீரும்: தொடர்பு உண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2019இல் மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. அந்த ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாங்கு ஆய்வு தந்த கணக்கு இது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு நடுவே இதைச் சொன்னால், “நம்ம ஆளுங்க வாயைக் கட்ட மாட்டாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புள்ளியியல்காரர் அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டார். இனத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும், யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்ற தற்செயலால் மட்டுமே இந்த இடைவெளி வந்திருக்குமா என்று முதலில் கேட்பார்.

சின்ன எண்களை வைத்துப் பார்ப்போம். 100 இந்தியர்கள், 100 பிற இனத்தவர்கள். முதல் கூட்டத்தில் 31 பேருக்கும் இரண்டாவதில் 18 பேருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வின் விழுக்காடுகளை ஒட்டி, கணக்குக்காக நானே எடுத்த எண்கள் இவை. மொத்த நோயாளிகள் 49 பேர். சம்பந்தமே இல்லையென்றால் பக்கத்துக்கு 24.5 பேர் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசம் 6.5, அதன் வர்க்கம் 42.25. அதை நோயாளிக் கட்டங்கள் இரண்டில் 24.5ஆலும், நோயில்லாத கட்டங்கள் இரண்டில் 75.5ஆலும் வகுத்து, நான்கையும் கூட்டினால் 4.57. சம்பந்தம் இல்லாத உலகில் இந்தக் கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவைதான். நம்முடையது தாண்டிவிட்டது. ஆகவே, தொடர்பு உண்டு.

இதுதான் கை-வர்க்கச் சோதனை. 1900இல் கார்ல் பியர்சன் வகுத்தது. வேடிக்கை என்னவென்றால், தன் சோதனையின் எல்லைக்கோடு எங்கே என்பதைப் பியர்சனே தவறாக எண்ணினார். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குக் கட்டின்மை எண் (தன்னிச்சையாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) 3 என்பது அவர் வாதம். அதன்படி எல்லை 7.81; நம் 4.57 தேறாது. அது 1தான் என்று 1922இல் ரொனால்ட் ஃபிஷர் காட்டினார். பியர்சன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். விவகாரம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். அந்த 200 பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டுறவில்லாமல், தனித்தனியே குலுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்று சோதனை நம்புகிறது. நம் நாட்டில் ஆய்வு அப்படி நடப்பதில்லை. புள்ளிவிவரத் துறை நாட்டை ஏறத்தாழ 80 முதல் 120 வீடுகள் கொண்ட கணக்கெடுப்பு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் வட்டாரங்களைக் குலுக்குவார்கள். பிறகு, தேர்வான வட்டாரத்துக்குள் வீடுகளை. செத்தியா ஆலாமில் இருக்கும் பொதுச் சுகாதாரக் கழகம் நடத்தும் இந்தத் தேசிய ஆய்வும் அப்படித்தான். செலவும் அலைச்சலும் குறையும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அக்கம்பக்கத்தார் ஒரே மாதிரி இருப்பார்கள். கிள்ளானில் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் ஒரு ஃபிளாட்டை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே வருமானம், அதே அரசாங்க கிளினிக், அதே மளிகைக் கடை, பெரும்பாலும் ஒரே இனம். அங்கே 11 பேரைச் சோதித்தால் 11 தனித்தனிச் சாட்சிகள் கிடைத்ததாக அர்த்தமில்லை. இந்த ஒற்றுமையை ஒரு கெழுவால் அளப்பார்கள். அது வெறும் 0.05 என்றே வைத்துக்கொள்வோம். 11இல் ஒன்றைக் கழித்து, 0.05ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.5. மாதிரித் திட்டத்தின் விளைவு என்று இதற்குப் பெயர். வட்டாரம் முழுக்க ஒரே இனமாக இருந்தால், நம் 200 பேர் உண்மையில் 133 பேருக்குச் சமம். 4.57ஐ 1.5ஆல் வகுத்தால் 3.05, எல்லைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அட்டவணையில் ஒரு எண்ணும் மாறவில்லை. முடிவு மட்டும் தலைகீழ்.

இப்படி வகுத்துச் சரிசெய்ய வழி சொன்னவர்கள் ஜே.என்.கே. ராவும் அலஸ்டர் ஸ்காட்டும், ஆண்டு 1981. ராவ் ஆந்திரத்தில் பிறந்து, கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புகழ்பெற்ற புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் வேறு, இவர் வேறு. பெரிய அட்டவணைகளுக்கு இன்னும் நுணுக்கமான திருத்தம் உண்டு. ஸ்டாட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள் அதைத் தாமே செய்துகொள்ளும், ஆனால் வட்டாரம் எது, எடை எது என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான்.

எடை என்பது இன்னொரு பள்ளம். ஆய்வில் அகப்பட்ட ஒவ்வொருவரும் வெளியே உள்ள பலருக்குப் பதிலாக நிற்கிறார். 18.3 விழுக்காடு என்பது 39 லட்சம் பேர் ஆவது அந்த எடையால்தான். சிலர் அந்த லட்சங்களையே அட்டவணையில் போட்டுச் சோதிக்கிறார்கள். அப்போது எதற்கும் எதற்கும் தொடர்பு உண்டு என்றே விடை வரும். லட்சக்கணக்கானவர்களிடம் யாரும் ரத்தம் எடுக்கவில்லையே!

‘உண்டு’, ‘இல்லை’ என்று பிரித்த விதத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஆய்வு கேள்வியோடு நிற்காமல் விரலில் குத்திச் சோதித்தது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘உண்டு’. அந்த 18.3இல் 9.4 ஏற்கெனவே தெரிந்தவர்கள், மீதி 8.9 தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். தீபாவளி நெரிசலில் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் நின்றுகொண்டு “உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?” என்று 300 பேரைக் கேட்டால் நோய் இருப்பது தெரியாத அந்தப் பாதி ‘இல்லை’ பக்கம் விழுந்துவிடும். நோயையும் கிளினிக்குக்குப் போகும் வழக்கத்தையும் சேர்த்தே அளந்திருப்போம். அதைச் சரிசெய்ய ராவ்–ஸ்காட்டிடம் மருந்தில்லை.

தேசிய ஆய்வின் 31.4ஐ நான் நம்புகிறேன். 2015ஆம் ஆண்டு ஆய்விலும் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். ஆனால் தொடர்பு உண்டு என்பதைத் தவிர இந்தச் சோதனை வேறு எதையும் சொல்வதில்லை. வயது ஏற ஏற இந்த நோய் கூடும். மலாய்க்காரர்களைவிட நம்மிடம் பிறப்பு விகிதம் குறைவு. அதனால் மூத்தவர்களின் பங்கு அதிகம். இடைவெளியில் எவ்வளவு வயதால் வந்தது என்று அறிய, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனி அட்டவணை போட்டு ஒன்றுசேர்க்க வேண்டும். அதற்கு மேண்டலும் ஹேன்செலும் 1959இலேயே வழி சொல்லிவிட்டார்கள். சிக்கல் ஆள் கணக்கில்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. ஆய்வில் அகப்படும் இந்தியர்களை வயதுவாரியாகவும், பிறகு மாநிலவாரியாகவும் வெட்டினால், சில கட்டங்களில் ஐந்து பேர்கூட மிஞ்ச மாட்டார்கள்.