பேஸ் கிற்றார் வாசிப்பவரின் மணிக்கட்டு

இளையராஜாவுக்குச் சசிதரனும் ஏ. ஆர். ரஹ்மானுக்குக் கீத் பீற்றர்ஸும் வாசித்த பேஸில் மனம் பறிகொடுத்து, அதே வாத்தியத்தைக் கையிலெடுக்கும் பிள்ளைகள் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கமும் இருப்பார்கள். “வலிச்சாத்தான் கை பழகும்” என்று அவர்களிடம் யாரும் சொல்ல வேண்டாம். விரல்நுனி எரிவு தோல் தடித்ததும் அடங்கிவிடும். மணிக்கட்டு வலி அப்படி அடங்காது.

34 அங்குலக் கம்பி

1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுவே அளவு. தலைப்பக்க ஃபிரெட்டுகள் அவ்வளவு அகலமானவை என்பதால், அங்கே நான்கு விரலையும் நான்கு ஃபிரெட்டில் விரித்தால் மணிக்கட்டு வளைந்துவிடும். டபுள் பேஸ்காரர்களின் பழைய முறை நல்லது: சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல் மூன்றாலும் மூன்று ஃபிரெட், மோதிரவிரல் சின்னவிரலுக்குத் துணை. மேலே ஏறிய பிறகு நான்கையும் விரிக்கலாம்.

கிற்றாரைத் தாங்குவது தோள்

இடது கையால் கழுத்தைத் தூக்கிப் பிடித்தபடி வாசிப்பவருக்கு விரல் நிலைக்காது. அகலமான தோள்வாரைப் போட்டு, இருந்தாலும் நின்றாலும் கிற்றார் ஒரே உயரத்தில் நிற்குமாறு கட்டுங்கள். பெருவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேரே, தளர்வாகக் கிடக்கட்டும். ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி, சுரம் கரகரக்கும் வரை பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அதைவிட ஒரு சொட்டுக் கூடுதலான அழுத்தமே போதும். பலரும் இதைவிடப் பலமடங்கு நெரிக்கிறார்கள்; சோர்வின் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. வலக்கைப் பெருவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி, மெல்ல மீட்டுங்கள். சத்தம் வேண்டுமென்றால் அம்பிளிஃபயரைக் கூட்டுங்கள்.

கை விறைத்தால்

மணிக்கட்டின் ஒடுங்கிய குகைக்குள் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. மணிக்கட்டை மடிக்கும்போதெல்லாம் அந்த நரம்பு நெரிபடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, இரவில் நித்திரை கலைந்தால் இதையே சந்தேகிக்க வேண்டும். ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும் மருதமுனைக் கைத்தறி நெசவாளருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எண்ணெய் போட்டு உருவி, நெட்டி முறித்து நாட்களைக் கடத்தாதீர்கள். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வேறு எந்த ஆதார வைத்தியசாலையிலோ நேரத்தோடு காட்டுங்கள். ஆரம்பத்தில் ஓய்வும் இரவில் கட்டும் மணிக்கட்டுப் பட்டையுமே பலருக்குக் கைகொடுக்கும். பெருவிரலடிச் சதை வற்றிய பின் சத்திரசிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். குணமானதும் பத்து நிமிட வாசிப்பில் தொடங்கி, வலி எட்டிப் பார்க்கும் முன்பே கிற்றாரைக் கீழே வையுங்கள்.