அறளை பெயர்தலும் மூளையும்: சத்திரசிகிச்சை உதவுமா?

மாணவர்களே, வயதானவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். மருத்துவத்தில் இது டிமென்சியா எனப்படும். இது முதுமையின் இயல்பான விளைவு அன்று. மூளையைப் பாதிக்கும் பல நோய்களால் தோன்றும் அறிகுறிகளின் தொகுதியாகும்.

1. மூளையில் ஏற்படும் மாற்றங்கள்

டிமென்சியாவுக்கு மிகப் பொதுவான காரணம் அல்சைமர் நோய். ஜேர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906 இல் இதனை முதன்முதலில் விபரித்தார். இந்நோயில்,

• நரம்புக்கலங்களுக்கு வெளியே அமிலொயிட் புரதம் படியும்.
• கலங்களினுள்ளே டௌ புரதம் முறுக்குண்டு சிக்கலாகும்.
• கலங்களுக்கிடையிலான தொடர்புகள் அற்று, கலங்கள் இறக்கும்.
• மூளையம் சுருங்க, மூளையறைகள் விரியும்.

புதிய ஞாபகங்களைப் பதிய உதவும் ஹிப்போகம்பஸ் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும். ஆகவேதான் காலையில் உண்டது மறந்துபோக, இளமைக்கால நிகழ்வுகள் நினைவில் நிற்கின்றன.

2. சத்திரசிகிச்சையால் சீராக்கத்தக்க நிலை

மூளையறைகள் விரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூளைய முண்ணாண் பாய்பொருள் சரிவர அகத்துறிஞ்சப்படாது தேங்குவதாலும் அவை விரியலாம். 1965 இல் விபரிக்கப்பட்ட இந்நிலையின் மூன்று அறிகுறிகள்: கால் நிலத்தில் ஒட்டியது போன்ற நடை, சிறுநீரை அடக்க முடியாமை, ஞாபகக் குறைவு. வால்வு பொருத்திய மெல்லிய குழாயினால் மேலதிக பாய்பொருள் வயிற்றறைக்குள் வடிக்கப்படும். இதனால் பலரில், குறிப்பாக நடையில், முன்னேற்றம் ஏற்படுகின்றது.

3. பரிசோதனை நிலையிலுள்ள முறைகள்

அல்சைமர் நோயாளர் அறுவரின் மூளையில் மின்வாய்களைப் பதித்துத் தூண்டிய கனேடிய ஆய்வின் முடிவுகள் 2010 இல் வெளியாகின. எனினும் 42 பேரில் நடத்தி 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வில் ஒட்டுமொத்த நன்மை நிறுவப்படவில்லை. கழுத்தின் நிணநீர்க் கலன்களை நாளங்களுடன் இணைக்கும் சத்திரசிகிச்சை சீனாவில் வேகமாகப் பரவியது. போதிய சான்று இன்மையால், அல்சைமர் நோய்க்கு அதனைப் பயன்படுத்துவதை 2025 இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் தடைசெய்தனர்.

நினைவிற் கொள்க: அல்சைமர் நோயில் இறந்த நரம்புக்கலங்களைச் சத்திரசிகிச்சையால் மீளப்பெற முடியாது, தேங்கிய பாய்பொருளையோ வடிக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருக்கலாம். எனவே வீட்டிலுள்ள முதியவரின் மறதியை "வயதுதானே" என விட்டுவிடாது, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.